கூழ்ப்பானை பாக்டீரியாவும் சிவப்பு எழுத்து அறிக்கையும்: ஜீனோம் பரிசோதனை இடறும் இடங்கள்

ஆடி மாதம் டர்பனில் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் வாசலில் பாதிப் பேர் ஸ்வெட்டரோடு நிற்பார்கள். அப்படி ஓர் ஆடியில், எங்கள் லேபில் முதுகலை படிக்கும் பெண் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலில் கூழ் கொண்டுவந்தாள். "ஆயா செஞ்சது அக்கா. இதுல நல்ல பாக்டீரியா இருக்குமா?" என்றாள். கேழ்வரகோடு இங்கத்து மக்காச்சோள மாவும் சேர்த்து, சுலு மக்களின் அமாசி என்ற புளித்த பாலில் ஒரு கரண்டி விட்டு, இரண்டு ராத்திரி புளிக்க வைத்த கூழ். வாசனையே ஆளைத் தூக்கியது.

குடலுக்கு நல்லது செய்யும் புரோபயாட்டிக் பாக்டீரியா கிடைக்குமா என்று தேடினோம். தட்டில் பரப்பி எடுத்த காலனிகளில் பதினான்காவது நன்றாக வேலை செய்தது. அமிலத்தில் சாகவில்லை, பித்த உப்பிலும் பிழைத்தது. "கூழ்-14" என்று பெயர் வைத்துக் கொண்டாடினோம். அப்புறம்தான் யாரோ கேட்டார்கள், இது பாதுகாப்பானதுதானா என்று. அதற்காக ஜீனோமை, அதாவது அதன் டிஎன்ஏ எழுத்து முழுவதையும், வரிசைப்படுத்தப் போனதில் நாங்கள் இடறாத இடமே இல்லை. அவற்றைக் கோளாறு கோளாறாக இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எது நேர்ந்ததோ அங்கே நேராகப் போகலாம். இனப்பெயர் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

டிஎன்ஏ வரவில்லை, வந்தாலும் கொழகொழவென்று இருக்கிறது

ஈ.கோலைக்கு வைத்திருக்கும் கிட்டை அப்படியே லாக்டோபேசில்லஸுக்குப் போட்டிருப்பீர்கள். இவற்றின் செல்சுவர் தடிமன். சில இனங்களில் லைசோசைம் மட்டும் போட்டால் சுவர் அசையாது, ஏனென்றால் சுவரிலுள்ள சர்க்கரையின் மேல் அசிட்டைல் குழு ஒட்டியிருக்கும், நொதிக்குப் பிடி கிடைக்காது. லைசோசைமோடு மியூட்டனோலைசின் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அதைவிட முக்கியம், ராத்திரி முழுக்க வளர்ந்து களைத்த கல்ச்சரை எடுக்காதீர்கள். வளர ஆரம்பித்து நாலைந்து மணி நேரத்தில் எடுத்தால் சுவர் இளசாக இருக்கும்.

கண்ணாடி மணி போட்டுக் குலுக்கினால் டிஎன்ஏ நிறைய வரும், ஆனால் துண்டு துண்டாக வரும். டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும் குறுவாசிப்புக்கு அது போதும். நெடுவாசிப்புக்கு நானோபோர் கருவியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

கொழகொழப்புக்குக் காரணம் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பாலிசாக்கரைடு. டிஎன்ஏவின் சுத்தத்தை ஒளியை வைத்து அளக்கும் நானோடிராப்பில் 260/280 விகிதம் 1.8 என்று அழகாகக் காட்டும், 260/230 மட்டும் 1க்குக் கீழே கிடக்கும். அந்த இரண்டாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பாருங்கள். அளவை நானோடிராப்பை நம்பிக் குறிக்காமல், டிஎன்ஏவை மட்டும் அளக்கும் கியூபிட்டில் குறியுங்கள்.

ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது

தென்னாப்பிரிக்காவில் இருந்தால் இதற்கு விளக்கம் வேண்டாம். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நடக்கும் நாட்களில் அட்டவணையைப் பார்த்து ஓட்டத்தைத் தொடங்குங்கள், யுபிஎஸ்ஸை லேப்டாப்புக்கும் கொடுங்கள். அறுந்த ஓட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம், அதற்குள் வந்த தரவும் வீணாகாது. உண்மையான இழப்பு மைனஸ் 80 ஃப்ரீசரில்தான். கூழ்-14இன் மூலக் குப்பிகளை இரண்டு ஃப்ரீசரில் பிரித்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

ஜீனோம் ஊதிப்போயிருக்கிறது

கூழ்-14 லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம் என்ற இனம். அதன் ஜீனோம் சுமார் 33 லட்சம் எழுத்து. எங்கள் முதல் அசெம்பிளி, அதாவது வாசித்த துண்டுகளைக் கோத்த தொகுப்பு, 62 லட்சம் என்று வந்தது. புது இனம் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு பையன் துள்ளினான். பாவம், தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு காலனி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். கூடவே வந்தது ஒரு என்டரோகாக்கஸ்.

செக்எம் என்ற மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். முழுமை 95 சதவீதத்துக்கு மேலும் கலப்படம் 5 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இன்னும் சில எல்லைகள் உண்டு: ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 30 தடவையாவது வாசிக்கப்பட்டிருக்க வேண்டும், துண்டுகள் 500க்குள் அடங்க வேண்டும், மொத்த நீளம் அந்த இனத்தின் வழக்கமான நீளத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இங்கேயே தோற்றால் மேலே போகாதீர்கள். கலந்த ஜீனோமில் தேடினால் பக்கத்து வீட்டுக்காரனின் குற்றமெல்லாம் உங்கள் பாக்டீரியாவின் தலையில் விழும். மூன்று முறை கோடிழுத்துத் தனிக் காலனி எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். வேறு குறுக்குவழி கிடையாது.

இனப்பெயர் ஒத்துப்போகவில்லை

இதில் இரண்டு விதம். முதலாவது கோளாறே அல்ல. பழைய அறிக்கை லாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டம் என்கிறது, புதிய மென்பொருள் லிமோசிலாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டம் என்கிறது. 2020இல் லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய கூட்டுக்குடும்பத்தை 25 பேரினங்களாகப் பாகம் பிரித்தார்கள். ஆள் அதேதான், வீட்டுப்பெயர்தான் மாறியிருக்கிறது. அறிக்கையில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டால் மதிப்பீட்டாளர் குழம்ப மாட்டார்.

இரண்டாவது விதம் ஆபத்தானது. 16எஸ் மரபணுவை மட்டும் படித்து இனத்தைத் தீர்மானித்திருப்பீர்கள். பிளான்டாரமும் அதன் உறவுக்கார இனமான பென்டோசஸும் 16எஸ் அளவில் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றே. முழு ஜீனோமை ஒப்பிட்டால் ஒற்றுமை சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அதாவது இரண்டும் தெளிவாக வேறு இனங்கள். ஃபாஸ்ட்ஏஎன்ஐ போன்ற கருவியில் அந்த இனத்தின் வகைமாதிரி ஸ்ட்ரெயினோடு ஒப்பிட்டு 95 சதவீதத்துக்கு மேல் வந்தால் மட்டும் பெயரை எழுதுங்கள். 94, 95 என்று எல்லையில் தொங்கினால் கணினிவழி டிஎன்ஏ-டிஎன்ஏ கலப்பும் பார்க்க வேண்டும். அதில் எல்லை 70.

பெயருக்கு ஏன் இத்தனை அலட்டல்? கீழே வரும் ஒவ்வொரு முடிவும் பெயரில் தொங்குவதால்தான். எந்த ஆன்டிபயாடிக்குக்கு எந்த எல்லை, எந்த எதிர்ப்பு பிறவியிலேயே வந்தது, எந்த நச்சைத் தேடுவது எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். ஐரோப்பாவில் 2007இலிருந்து இயங்கும் பாதுகாப்பு முன்னனுமானப் பட்டியலும் (பாதுகாப்பானவை என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட இனங்களின் பட்டியல்) இனத்தின் பெயரில்தான் இருக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் அதில் உண்டு, பேசில்லஸ் சீரியஸ் இல்லை. தட்டில் இரண்டையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. வாந்தி நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்த்தபிறகு அவர்கள் முகம் மாறியது.

எதிர்ப்பு மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிகின்றன

முதலில் மூச்சு விடுங்கள். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களைத் தொகுத்த கார்டு தரவுத்தளத்தின் கருவி தன் கண்டுபிடிப்புகளைக் கச்சிதம், கறார், தளர்வு என்று மூன்றாகப் பிரிக்கும். தளர்வையும் காட்டு என்று யாரோ டிக் போட்டிருப்பார்கள். அதை எடுத்தாலே நூற்றுக்கணக்கு ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும்.

மிச்சமிருப்பதில் "வான்" என்று தொடங்கும் ஒன்றிரண்டு நிற்கும். வான்கோமைசின் எதிர்ப்பு என்றதும் நெஞ்சு படபடக்கும், எங்களுக்கும் படபடத்தது. ஒற்றுமைச் சதவீதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 30, 35 என்றுதான் இருக்கும். செல்சுவரைக் கட்டும் ஏதோ தூரத்து உறவுக்காரப் புரதம் அது. ஆணையத்தின் கணக்கில் 80 சதவீத ஒற்றுமையும், தரவுத்தள வரிசையின் நீளத்தில் 70 சதவீதமும் ஒத்துவந்தால்தான் அறிக்கையில் சேர்க்க வேண்டும். தேடலை ஒரே தரவுத்தளத்தோடு நிறுத்தாமல் குறைந்தது இரண்டில் செய்ய வேண்டும். நாங்கள் ரெஸ்ஃபைண்டரையும் ஏஎம்ஆர்ஃபைண்டர்பிளஸ்ஸையும் பயன்படுத்துகிறோம்.

இன்னொன்று. பிளான்டாரத்தைத் தட்டில் சோதித்தால் வான்கோமைசினுக்கு நிஜமாகவே அசையாது. ஆனால் அது யாரிடமிருந்தோ வாங்கிய எதிர்ப்பு அல்ல. வான்கோமைசின் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் இரண்டு அலனினை வைக்கும், இது அலனினுக்குப் பின் லாக்டேட்டை வைக்கிறது. மருந்துக்குக் கொக்கி மாட்ட இடமில்லை. பிறவிக்குணம். அடுத்த பாக்டீரியாவுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் இந்த இனத்துக்கு வான்கோமைசின் சோதனையே தேவையில்லை என்று ஆணையத்தின் எல்லைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

தட்டு ஒன்று சொல்கிறது, ஜீனோம் வேறொன்று சொல்கிறது

எங்களை மூன்று மாதம் உட்கார வைத்தது இதுதான்.

பிளான்டாரத்துக்கு டெட்ராசைக்ளின் எல்லை லிட்டருக்கு 32 மில்லிகிராம். அதைத் தாண்டி வளர்ந்தால் எதிர்ப்பு உண்டு என்று பொருள். கூழ்-14 128இலும் வளர்ந்தது. ஜீனோமில் தேடினால் ஒன்றுமே இல்லை, முழுக்கப் பச்சை. நெடுவாசிப்பில் எடுத்த ஜீனோம், ஒரே வட்டமாக மூடியது, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. இதைவிட முழுமையாக எது இருக்க முடியும் என்று நினைத்தோம்.

முதலில் தட்டின் மேல் சந்தேகப்படுவது சரிதான். லாக்டோபேசில்லஸ் வளர்க்கும் சாதாரண எம்ஆர்எஸ் ஊடகம் அமிலத்தன்மையாலும் கலவையாலும் சில ஆன்டிபயாடிக்குகளின் எண்ணை மாற்றிவிடும். அதற்கென்றே ஐசோ-சென்சிடெஸ்ட் 90 பங்கும் எம்ஆர்எஸ் 10 பங்கும் கலந்த ஊடகம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 10932 முறையில் அதைத்தான் சொல்கிறார்கள். எல்லையைவிட ஒரு படி மட்டும் (ஒரு படி என்றால் இருமடங்கு) மேலே போனால் அது அளவீட்டின் இயல்பான ஆட்டம். எங்களுக்கு ஊடகம் மாற்றியும் 128 அசையவில்லை. இரண்டு படி மேலே. ஆக, தட்டு பொய் சொல்லவில்லை.

அப்படியானால் ஜீனோம்தான் எதையோ மறைக்கிறது. எங்கே? டிஎன்ஏவைத் தயார்செய்த விதத்தில். நானோபோருக்கு முனைகளை ஒட்டும் கிட்டைப் பயன்படுத்தியிருந்தோம். பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாகத் திரியும் டிஎன்ஏ வளையம். சின்னப் பிளாஸ்மிட் முறியாத வட்டமாக இருந்தால் அதற்கு முனையே கிடையாது. முனை இல்லாததில் எதை ஒட்டுவது? அது நூலகத்துக்குள்ளேயே வரவில்லை. போதாததற்கு, டிஎன்ஏவைச் சுத்தம் செய்யும்போது நீளமான துண்டுகளை மட்டும் பொறுக்கியிருந்தோம். அழகான வட்டம் வேண்டும் என்ற ஆசையில் செய்த ஒவ்வொன்றும் அந்தக் குட்டியை வெளியே தள்ளியது.

அதே டிஎன்ஏவைக் குறுவாசிப்பிலும், டிஎன்ஏவைத் தானே வெட்டி ஒட்டும் வேகக் கிட்டிலும் மறுபடி ஓட்டினோம். சுமார் 10 ஆயிரம் எழுத்தில் ஒரு பிளாஸ்மிட், அதில் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் டெட்-எம் என்ற மரபணு, ஒற்றுமை 99 சதவீதம். அதன் பக்கத்தில் இடம்பெயர்க்கும் நொதியின் மரபணு. மறைந்திருந்தவன் மட்டுமல்ல, பயணப்பெட்டியோடு இருந்தான்.

ஆகவே தட்டு எல்லையை மீறி ஜீனோம் மௌனமாக இருந்தால், கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள்: ஊடகம், ஒரு படி ஆட்டமா இரண்டு படியா, குறுவாசிப்பில் அசெம்பிளியில் சேராமல் மிஞ்சிய வாசிப்புகள், அப்புறம் பிளாஸ்மிட். அமினோகிளைகோசைடு வகை என்றால் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. அந்த மருந்துகள் செல்லுக்குள் நுழைய எலக்ட்ரான் கடத்தும் சங்கிலி வேண்டும், லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களுக்குப் பொதுவாக அது முழுதாக இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். ஜீனோமில் மரபணு இருக்கும், தட்டில் எதிர்ப்பு இருக்காது. நடுவில் நிறுத்தக் குறி விழுந்து செத்துப்போன மரபணுவா என்று வாசித்துப் பாருங்கள். முழுதாக இருந்தால், இப்போது தூங்குகிறது என்பதற்காக விட்டுவிட முடியாது. குடலுக்குள் போனபின் அதை எழுப்ப ஆயிரம் கைகள் இருக்கின்றன.

மரபணு நிஜம்தான். இனி என்ன?

அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி. தயிரிலும் மாத்திரையிலும் உலகம் முழுக்க விற்கும் பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் லாக்டிஸின் குரோமோசோமில் டெட்-டபிள்யூ என்ற டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணு உண்டு. பக்கத்தில், டிஎன்ஏ துண்டை இடம் மாற்றும் டிரான்ஸ்போசேஸ் நொதியின் மரபணுவும் உண்டு. பல ஆண்டுகளாக விவாதம் நடந்தாலும், அந்த உபஇனத்தில் அது பரவலாக நிலைத்திருக்கிறது என்பதால் அதன் கதை வேறு. பிளாஸ்மிட்டில் இருப்பது அப்படியல்ல.

லிமோசிலாக்டோபேசில்லஸ் ராய்ட்டரியின் கதை எனக்குப் பிடித்தமானது. ஏடிசிசி 55730 என்ற ஸ்ட்ரெயின் புரோபயாட்டிக்காகப் புழக்கத்தில் இருந்தது. அதன் இரண்டு பிளாஸ்மிட்களில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பும் லின்கோமைசின் எதிர்ப்பும் இருப்பது பின்னால் தெரிந்தது. பிளாஸ்மிட்களை மட்டும் கழற்றிவிட்டு, மற்றபடி அதே பாக்டீரியாவை டிஎஸ்எம் 17938 என்று புதுப் பெயரில் வெளியிட்டார்கள். மரபணுவைச் செருகவில்லை, சுமையை இறக்கினார்கள்.

நாங்களும் முயன்றோம். வெப்பத்தை ஏற்றி வளர்த்தோம், நோவோபயோசின் போட்டு வளர்த்தோம். பிளாஸ்மிட் இறங்க மறுக்கிறது. எல்லாப் பிளாஸ்மிட்டும் சொன்ன பேச்சு கேட்காது. எரித்ரோமைசின் எதிர்ப்புக்கான எர்ம்-பி உங்களுக்கு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அது டிரான்ஸ்போசான்கள் என்ற தாவும் டிஎன்ஏ துண்டுகளில் அடிக்கடி சவாரி செய்யும். வடிதாளில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸோடு சேர்த்து வைத்து, தாவுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். தாவவில்லை என்றாலும் அது அந்தச் சூழலில் தாவவில்லை என்று மட்டும்தான் எழுதலாம்.

நோயுண்டாக்கும் மரபணுப் பட்டியல் நீள்கிறது

விஎஃப்டிபி தரவுத்தளத்தில் தேடினால் சாதுவான தயிர் பாக்டீரியாவும் கொலைகாரன் மாதிரித் தெரியும். இஎஃப்-டியூ, குரோஇஎல், கிளிப்-பி எல்லாம் வரும். இவை எந்த செல்லுக்கும் அன்றாடம் வேண்டிய வீட்டுச் சாமான்கள். அரிவாள்மனை எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது.

பித்த உப்பைச் சிதைக்கும் பிஎஸ்ஹெச் மரபணு விஷயத்தில் சிரித்துவிட்டேன். எங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் அட்டவணையில் அது புரோபயாட்டிக் நற்குணம். நான்காம் அட்டவணையில் அதே மரபணு லிஸ்டீரியாவின் நோய்க்காரணி. 2017, 2018இல் இந்த நாட்டில் லிஸ்டீரியா 1,060 பேரைத் தாக்கி 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றதையும், ஜீனோம் வரிசைப்படுத்தல்தான் எஸ்டி6 என்ற ஒரே வகையைப் பதப்படுத்திய இறைச்சிவரை துரத்திப் பிடித்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். லிஸ்டீரியா என்ற சொல்லைப் பார்த்ததும் ஆய்வேட்டைத் திருத்துபவருக்கு வியர்க்கும். அதனால் ஒரு வரி விளக்கம் எழுதி வையுங்கள்.

உண்மையில் தேட வேண்டியவை சிலதான். டைரமின், ஹிஸ்டமின் உண்டாக்கும் டிகார்பாக்சிலேஸ்கள். என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்றால் ஐஎஸ்16, ஈஎஸ்பி, எச்ஒய்எல் மூன்றும் இருக்கக் கூடாது, ஆம்பிசிலின் எண் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஈ.கோலை என்றால் கோலிபாக்டின் தீவு. முதல் உலகப்போர்ச் சிப்பாய் ஒருவரிடமிருந்து 1917இல் பிரித்தெடுத்து இன்றும் மருந்தாக விற்கும் ஈ.கோலை நிஸ்லேயிலேயே அந்தத் தீவு இருக்கிறது, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் பொருளை உண்டாக்கும் தீவு. நூறு வருடப் பழக்கம் இருந்தாலும் அந்தக் கேள்வி இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

ரத்தத் தட்டில் பச்சை வளையம் தெரிந்து, ஜீனோமில் ஹீமோலைசின் எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு செய்யும் வேலை அது. தெளிவான வெள்ளை வளையம் என்றால் நிறுத்துங்கள்.

எல்லாமே பச்சை

இதையும் ஒரு கோளாறாகத்தான் எழுதுகிறேன். 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் ரேம்னோசஸ் ஜிஜி என்ற புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் பெற்ற 522 பேரில் 6 பேருக்கு அதே பாக்டீரியா ரத்தத்தில் வந்தது. பெறாத 21,652 பேரில் 2 பேருக்கு மட்டும். ரத்தத்தில் இருந்ததும் கேப்ஸ்யூலில் இருந்ததும் ஒன்றே என்று ஜீனோமை வைத்துத்தான் நிரூபித்தார்கள். ஒரு நோயாளியின் பாக்டீரியாவில் ரிஃபமைசின் வகை மருந்தை எதிர்க்கும் புதுச் சடுதிமாற்றமும் முளைத்திருந்தது. கேப்ஸ்யூலை எத்தனை தடவை வரிசைப்படுத்தியிருந்தாலும் அதைக் கண்டிருக்க முடியாது, ஏனென்றால் அது நோயாளியின் உடம்புக்குள் பிறந்தது. 2008இல் கடும் கணையழற்சி நோயாளிகளில் நடந்த டச்சுச் சோதனையில், புரோபயாட்டிக் வாங்கிய குழுவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், வாங்காத குழுவில் 6.

70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்ஐவியோடு வாழும், காசநோய்க்கு அதே ரிஃபமைசின் வகையைச் சேர்ந்த ரிஃபாம்பிசின் அன்றாட மருந்தாக இருக்கும் நாட்டில் இந்த இரண்டையும் படிக்காமல் "பாதுகாப்பானது" என்று எழுத எனக்குக் கை வராது. "இந்த எல்லைகளுக்குள், இந்தத் தரவுத்தளங்களின் இந்தத் தேதிப் பதிப்பில், கவலைக்குரிய மரபணு தென்படவில்லை" என்று எழுதுகிறேன். தேதியைக் கட்டாயம் போடுங்கள். போன வருடம் பச்சையாக வந்தது, தரவுத்தளம் புதுப்பித்தபின் சிவப்பாக வந்திருக்கிறது.

பிளாஸ்மிட் கிடைத்த அன்று அந்தப் பெண் கேட்டாள், "ஆயாகிட்ட என்ன அக்கா சொல்றது? கூழ் குடிக்கக் கூடாதுன்னா?" அப்படி இல்லை. பானையில் ஆயிரம் வகையில் ஒன்றாகக் கிடப்பது வேறு, அதை மட்டும் பிரித்துக் கோடிக்கணக்கில் வளர்த்து மாத்திரையில் அடைத்துத் தினமும் கொடுப்பது வேறு. ஆயா கேட்டுவிட்டு, "அப்ப வேற நல்லதா ஒண்ணு எடுத்துக்கோங்க, பானை இங்கதானே இருக்கு" என்றாராம்.

எடுத்தோம். இப்போது வரிசை மாறியிருக்கிறது. அமிலம், பித்தம் எல்லாம் அப்புறம். காலனி எடுத்த மறுநாளே டெட்ராசைக்ளின் தட்டு, எரித்ரோமைசின் தட்டு. கூழ்-19 இரண்டிலும் வளரவில்லை. நேற்று அதன் டிஎன்ஏ எடுத்தோம், 260/230 விகிதம் 0.7. மறுபடி மியூட்டனோலைசினிலிருந்து தொடங்க வேண்டும்.